கம்ப்யூட்டரில் கண்ட புதுப்பூசை

1

சென்ற சனிக்கிழமை தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அக்கா, கம்ப்யூட்டர் கோயில் நீங்கதானே?"

திரும்பினேன். முன்பின் பார்த்திராத பெண். முப்பது வயது இருக்கும். கையில் கறிவேப்பிலைக் கட்டு, தோள்பையிலிருந்து எட்டிப் பார்க்கும் ஆஸ்பத்திரிச் சீருடை. புதுச்சேரி ரெட்டியார்பாளையத்துப் பெண்ணாம். பாரிசுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறதாம்.

"ஞாயித்துக்கிழமன்னா எனக்கு டியூட்டிக்கா. கோயிலுக்குப் போறதே வுட்டுப்போச்சு. வூட்லேருந்தே பூசை பாக்க வழி இருக்குதாமே?"

"பாக்க இல்லம்மா, காண" என்று திருத்தினேன்.

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அந்த ஒரு சொல்லுக்காக நான் போட்ட சண்டை அவளுக்குத் தெரியாது. கடை பில்லின் பின்பக்கத்தில் எந்த முகவரியைத் தட்டவேண்டும், எத்தனை மணிக்கு உட்காரவேண்டும் என்பதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். அவள் அதை மடித்து, பணம் வைக்கிற இடத்தில் வைக்காமல், செபமாலை வைத்திருந்த சின்ன உறைக்குள் வைத்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பெருமைதான், மறைப்பானேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு இந்தக் கம்ப்யூட்டர் கோயிலுக்கு ஒரு வயது. ஊரில் இதைப் பற்றிப் பலவிதமாகப் பேசிக்கொள்வதாகக் கேள்வி. லூர்து பாரிசில் தனியாகக் கோயில் கட்டிவிட்டாள் என்று ஒரு பேச்சு. சாமியாரே இல்லாமல் பூசை வைக்கிறாளாம் என்று இன்னொரு பேச்சு. ஆகையால் நடந்தது நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன்.

2

நான் புதுச்சேரியில், சாரத்தில் பிறந்து வளர்ந்தவள். பெயர் லூர்துமேரி. இந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இதனால் வந்த வினையைப் பிறகு சொல்கிறேன்.

அம்மா இறந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது, தம்பி சவரிக்கு இரண்டு. நடுவில் யாரும் இல்லை. அப்பா காலையில் மில்லுக்குப் போனால் இருட்டித்தான் வருவார். சவரியைக் குளிப்பாட்டியது, சோறு ஊட்டியது, அம்மை போட்டபோது வேப்பிலையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது எல்லாம் நான். பக்கத்து வீடுகளில் அவனை "லூர்து புள்ள" என்றுதான் சொல்வார்கள். எனக்கு அதில் வெட்கமும் இருந்தது, உள்ளுக்குள் சந்தோஷமும் இருந்தது.

இருபத்தேழு வயதில் எனக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். அந்தக் காலத்தில் புதுச்சேரியில் அதற்கு மேல் விசாரிக்க மாட்டார்கள். நான் விமானம் ஏறியபோது சவரிக்குப் பத்து வயது. அழவில்லை. "புதுநன்மைக்கு வந்துருவியாக்கா?" என்று மட்டும் கேட்டான். முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்குகிற நாளைச் சொன்னான். வந்துவிடுவேன் என்றேன்.

வரவில்லை. அப்போது என் மகள் வயிற்றில் இருந்தாள். அவனுடைய உறுதிபூசுதல் சடங்குக்கும் வரவில்லை, பள்ளிக்கூடச் சமையலறையில் அப்போதுதான் எனக்கு வேலை கிடைத்திருந்தது, விடுமுறை கேட்க வாய் வரவில்லை. கல்லூரி முடித்தான், வரவில்லை. சாமியாராகப் படிக்கக் குருமடத்தில் சேர்ந்தான், அந்தச் செய்தியைத் தொலைபேசியில்தான் கேட்டேன். இடையில் இரண்டு தடவை ஊருக்குப் போனேன் என்பது உண்மை. ஆனால் இரண்டு தடவையும் அவன் பரீட்சையிலோ குருமடத்திலோ இருந்தான். நான் போகிற நாளும் அவனுக்கு நான் தேவைப்பட்ட நாளும் ஒருமுறைகூட ஒன்றாக வரவில்லை.

போன வருடத் தொடக்கத்தில் அவன் போன் செய்தான்.

"அக்கா, பட்டம் குடுக்கறாங்க. மறுநாள் நம்ம கோயில்ல புதுப்பூசை."

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குருப்பட்டம் வாங்கியவர் தன் சொந்தப் பங்கில், அதாவது சொந்த ஊர்க் கோயிலில், முதன்முதலாக வைக்கிற பூசை புதுப்பூசை. அது முடிந்ததும் புதுச் சாமியார் கொடுக்கிற முதல் ஆசீர்வாதம் அம்மாவுக்கு. அம்மா முழங்காலிட்டு, மகனுடைய உள்ளங்கையை முத்தம் செய்வாள். அதற்குப் பிறகுதான் அப்பா, ஆயர், அரசாங்கம் எல்லாம். ஒரு சாமியாரின் வாழ்நாளில் அந்த ஆசீர்வாதம் ஒன்றே ஒன்றுதான், திரும்ப வராது.

"அம்மா எடத்துல நீதாங்கா" என்றான் சவரி.

"இந்த வாட்டி பார்ரா" என்றேன். "பாரிசே பத்திக்கிட்டு எரிஞ்சாலும் வருவேன்."

பின்னாலிருந்து அப்பா குரல் கேட்டது. "அவ வரமாட்டா. ரெஜினா சித்திய ரெடியா இருக்கச் சொல்லு."

அப்பா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இருபது வருட அனுபவத்தில் சொன்னார். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

3

என் பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்க மனு கொடுத்தேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என் தாள்களைப் பார்த்து, எல்லாம் சரி, மூன்று வாரத்தில் வரும் என்றாள். மெர்சி மதாம் என்று சொல்லிவிட்டு வந்து, சவரிக்கு ஸ்வெட்டர்கூட வாங்கினேன். புதுச்சேரியில் ஸ்வெட்டர் எதற்கு என்று என் கணவர் கேட்டார். சந்தோஷத்தில் மனிதர்கள் இப்படித்தான் எதையாவது வாங்குவார்கள்.

மூன்று வாரம் கழித்துப் பாஸ்போர்ட் வரவில்லை, கடிதம் வந்தது. தாங்கள் பிறந்ததற்கான சான்றிதழை, பிறந்த ஊரின் 'மேரி'யிலிருந்து பெற்று அனுப்பவும். பிறந்த ஊர்: லூர்து.

இங்கே நகராட்சி அலுவலகத்தை 'மேரி' என்பார்கள். இப்போது என் பெயரை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். கவுண்டர்ப் பெண் என்ன செய்திருக்கிறாள் என்றால், லூர்து மேரி என்ற என் பெயரை இரண்டாகப் பிய்த்து, மேரியைப் பெயர்க் கட்டத்திலும் லூர்துவைப் பிறந்த ஊர்க் கட்டத்திலும் போட்டிருக்கிறாள். பிரான்சில் லூர்து என்றால் ஊர்தானே. மாதா காட்சி கொடுத்த ஊர். ஊர்ப் பெயரை மனிதருக்கு வைப்பார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஆக லூர்துமேரியாகிய நான், லூர்து மேரியிலிருந்து தாள் வாங்கி வரவேண்டும்.

நானும் ஒழுங்காகக் கடிதம் எழுதினேன். லூர்து மேரியிலிருந்து பத்து நாளில் பதில் வந்தது, பாவம் நல்ல மனிதர்கள். தங்கள் பதிவேடுகளில் அப்படி ஒரு குழந்தை பிறக்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு ரான்தெவு என்கிற முன்பதிவு நேரம் வாங்கி, மறுபடியும் கவுண்டருக்குப் போனேன். இந்தத் தடவை வேறொருவர் இருந்தார். லூர்துவில் பிறந்ததாகக் கணினி சொல்கிறது, புதுச்சேரியில் பிறந்ததாகத் தாள் சொல்கிறது, ஆகவே விசாரணை தேவை என்றார்.

"முசியே, லூர்து என் பெயர்."

"அது ஊர், மதாம்."

"என் பெயரும்தான்."

"அப்படியானால் தங்கள் பெயர் பதியப்படவே இல்லை" என்றார். அவர் முகத்தில் கவலை உண்மையாகவே தெரிந்தது. இரண்டு, மூன்று மாதம் ஆகும் என்றார். சவரியின் புதுப்பூசைக்கு இருபத்தாறு நாள் இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் பேருந்தில் அழுதேன். எதிரே இருந்த கிழவர் கைக்குட்டை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

4

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

சாரத்துக் கோயில் பூசையைக் கம்ப்யூட்டரில் காண, மாதத்தின் கடைசி ஞாயிறு இங்கே எங்கள் பங்குக் கோயிலின் மண்டபத்தில் கூடுகிறோம். மற்ற ஞாயிறுகளில் அவரவர் வீட்டில். ஊரில் மாலைப் பூசை தொடங்கும்போது இங்கே மதியச் சாப்பாட்டு நேரம். முதலில் ஏழெட்டுக் குடும்பங்கள்தான் இருந்தோம். இப்போது மண்டபத்தில் நாற்காலி போதாமல் இளவட்டங்களை நிற்க வைக்கிறோம். தெற்கே துலூசிலிருந்து ஒரு குடும்பம், கடல் கடந்து ரேயூனியனிலிருந்து ஒரு அம்மாள் என்று எங்கெங்கிருந்தோ வந்து சேர்கிறார்கள். திரையின் ஓரத்தில் ஆங்கில எழுத்தில் "sthothiram" என்று வந்து விழும்போதெல்லாம் இது யார் வீட்டுப் பிள்ளையோ என்று நினைத்துக்கொள்வேன்.

குறை இல்லாமல் இல்லை. வீட்டிலிருந்து பூசை காண்கிறவர்களில் சிலர் நைட்டியோடு உட்காருகிறார்கள். ஒருத்தி கேமரா ஓடுவதை மறந்து, பிரசங்கம் முழுக்கத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நற்கருணை நேரத்தில் யார் வீட்டுக் குக்கரோ விசில் அடித்தது, அத்தனை வீட்டிலும் கேட்டது. நான் அன்றே எல்லோருக்கும் போன் போட்டுக் கத்தினேன். கோயிலுக்குப் போகும்போது நைட்டியோடா போவீங்க என்று கேட்டேன். ஒருவரும் என்னோடு கோபித்துக்கொள்ளவில்லை. ஊரில் கோயில் வாசலில் உபதேசியாரிடம் திட்டு வாங்கிப் பழகிய ஜனங்கள், இத்தனை வருடம் திட்டுவதற்கு ஆள் இல்லாமல் ஏங்கிப் போயிருக்கிறார்கள் போல.

ஏன் வருகிறார்கள் என்று யோசித்திருக்கிறேன். இந்த ஊரில் கோயில் இல்லையா? தெருவுக்கு ஒன்று இருக்கிறது, கல்லால் கட்டியது, நம் கோயில்களைவிட ஐந்நூறு வருடம் மூத்தது. நானும் ஞாயிறு காலையில் போகிறேன். உள்ளே பத்துப் பதினைந்து கிழவிகள், தள்ளித் தள்ளி உட்கார்ந்திருப்பார்கள். பூசை முடிந்ததும் கை குலுக்கிவிட்டு அவரவர் காருக்குப் போய்விடுவார்கள். புது மூக்குத்தி எங்கே வாங்கினாய் என்று ஒருத்தி கேட்க மாட்டாள். போன வாரம் ஏன் வரவில்லை என்று கேட்க மாட்டாள். கம்ப்யூட்டர் பூசை முடிந்ததும் எங்கள் ஆட்கள் கேமராவை அணைக்காமல் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். யாருக்கு உடம்பு சரியில்லை, யார் மகனுக்குப் பெண் பார்க்கிறார்கள், எல்லாம் அங்கேதான். சாமியும் கும்பிட்டாக வேண்டும், நாலு பேரும் நம்மை விசாரித்தாக வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் நமக்குக் கோயில்.

5

மறுபடியும் அந்த இருபத்தாறு நாளுக்கு வருகிறேன்.

வழி சொன்னது என் மகள் செலின். அவளுக்கு அப்போது பதினெட்டு. தமிழ் புரியும், பேசமாட்டாள். நான் தமிழில் கேட்டால் அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள், எங்கள் வீட்டுப் பேச்சு அப்படியே ஓடிவிட்டது. கோயிலுக்கு வருவதை இரண்டு வருடம் முன்பே நிறுத்தியிருந்தாள். நான் சமையலறையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பதைப் பார்த்து, அங்கே ஒரு கேமரா வைத்தால் இங்கே பார்க்கலாமே என்றாள். என் காதில் விழுந்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

ரெட்டியார்பாளையத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறான் என் சித்தப்பா மகன் அந்தோணி. அவனுக்குப் போன் போட்டேன்.

"கோயில்ல இன்டர்நெட் ஏதுக்கா? எதிர் வூட்ல புதுசா பிராட்பேண்டு போட்ருக்காங்க. அங்கேருந்து ஒயர் இழுத்துக்கினு வரேன். லேப்டாப்ப பலிபீடத்துக்குப் பக்கத்துல வெச்சிட்றேன். நீ கவலப்படாத."

அங்கே வேலை முடிந்தது. இங்கேதான் சிக்கல். இந்தச் செய்தி எப்படியோ பரவி, புதுச்சேரிக் குடும்பங்கள் எல்லாம் நாங்களும் வருகிறோம் என்றார்கள். புதுப்பூசை என்றால் சும்மாவா? எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆறு பேர் உட்கார்ந்தால் ஏழாவது ஆள் குளியலறையில்தான் உட்காரவேண்டும். ஆகவே பங்கு மண்டபத்தைக் கேட்டு மனு எழுதினேன். பிரெஞ்சைச் சரிபார்த்துக் கொடு என்று செலினிடம் நீட்டினேன். அவள் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, கையால் தள்ளிவிட்டாள்.

நான்கு நாளில் பங்கு அலுவலகச் செயலாளர் மதாம் பெரானிடமிருந்து பதில் வந்தது. மிக மரியாதையான கடிதம். எல்லா மதங்களையும் தாங்கள் மதிப்பதாகவும், ஆயினும் கத்தோலிக்க மண்டபத்தில் இந்துச் சடங்குகளுக்கு இடமளிக்க இயலாது என்றும், ரயில் நிலையத்துக்குப் பின்னால் பிள்ளையார் கோயில் ஒன்று இருப்பதாகவும், அதன் முகவரியை இணைத்திருப்பதாகவும் எழுதியிருந்தார்.

நான் என்ன எழுதினேன் என்று நகலை எடுத்துப் பார்த்தேன். எதற்காக மண்டபம் என்ற கட்டத்தில், என் கையெழுத்தில், "என் தம்பியின் பூசையைக் காண" என்று இருந்தது. பிரெஞ்சில்தான் எழுதியிருந்தேன், ஆனால் பூசை என்ற சொல்லை மட்டும் அப்படியே பூஜா என்று போட்டிருந்தேன். பூசைக்குப் பிரெஞ்சில் 'மெஸ்' என்பார்கள், அதை எழுதத் தெரியாதவள் இல்லை நான். இருபது வருடமாக ஞாயிறு காலையில் அந்த மெஸ்ஸுக்குத்தான் போகிறேன். ஆனால் மெஸ் என்றால் என் மனதில் அந்தக் குளிர்ந்த கல் கட்டடம்தான் வரும். சவரி வைக்கப்போவது மெஸ் இல்லை. அது பூசை. என் கை அதை மெஸ் என்று எழுத ஒத்துக்கொள்ளவில்லை.

செலின் கடிதத்தைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பிறகு, "நானும் வர்றேன்" என்றாள். தமிழில்.

6

நானும் செலினும் பங்குச் சாமியாரையே பார்க்கப் போனோம். உயரமான மனிதர், மெதுவாகப் பேசுவார். மதாம் பெரான் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். பூஜா விவகாரம் இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. மதாம் பெரான் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டார். பிள்ளையார் கோயில் முகவரிக்கு நன்றி, எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். அது உண்மைதான்.

சங்கடம் அதற்குப் பிறகுதான் வந்தது. சாமியார் கைகளைக் கோத்துக்கொண்டு சொன்னார்:

"மதாம், உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் மெஸ் ஒரு சினிமா இல்லை. அதைப் பார்க்க முடியாது, அதில் பங்குகொள்ளத்தான் முடியும். திரையில் பார்ப்பவர் வெறும் பார்வையாளர்."

எனக்குச் சுருக்கென்றது. செலின் என் முழங்கையைப் பிடித்தாள், நான் கத்திவிடுவேன் என்ற பயம். நான் கத்தவில்லை. என் பிரெஞ்சு கோபத்துக்குப் பத்தாது. ஆகவே தமிழில் பேசினேன், செலினை மொழிபெயர்க்கச் சொன்னேன்.

"சாமிகிட்ட சொல்லு. உங்க பாஷைல பூசைக்குப் போறதுன்னுதான் சொல்வீங்க. எங்க பாஷைல பூசை காண்றது. பூசை கண்டியா, முழுப் பூசை கண்டியான்னுதான் எங்க ஊர்ல கேப்பாங்க. எங்கள சின்ன வயசுலேருந்து காணத்தான் பழக்கியிருக்காங்க."

செலின் 'காண்' என்ற சொல்லுக்கு முன்னால் நின்றுவிட்டாள். பார்ப்பது என்று சொன்னால் சாமியார் சொன்னதே சரியாகிவிடும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, "அம்மா, காண்றதுக்கும் பாக்கறதுக்கும் என்ன வித்தியாசம்?" என்றாள்.

பதினெட்டு வருடத்தில் என் மகள் ஒரு தமிழ்ச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டது அன்றைக்குத்தான்.

"டிவிய பாக்கலாம். பஸ்ஸ பாக்கலாம்" என்றேன். "உன்ன நான் பெத்தப்போ மொகத்த கண்டேன். தேடிக்கினு இருந்தது கெடச்சா கண்டேன்னுதான் சொல்வோம். திருநாளுக்கு எங்க கோயில்ல உள்ளார எடமே இருக்காது. பாதி ஜனம் வெளிய மணல்ல உக்காந்துக்கினு ஒலிபெருக்கில கேப்பாங்க. பலிபீடம் கண்ணுக்கே தெரியாது. அவங்கெல்லாம் பூசை காணலன்னு எந்தச் சாமியாரும் சொன்னதில்ல. அந்த மணல் கொஞ்சம் நீண்டு பாரிசு வரைக்கும் வந்துருச்சுன்னு வெச்சிக்கச் சொல்லு."

செலின் இதை எப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. வேகமாக, கைகளை ஆட்டிக்கொண்டு, என்னைவிட நீளமாகச் சொன்னாள். மணலைப் பற்றிச் சொல்லும்போது ஜன்னல் வரைக்கும் கை நீட்டினாள். மதாம் பெரான் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

சாமியார் அவள் கை காட்டிய ஜன்னல் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு, "நற்கருணை? அது திரை வழியாக வராதே" என்றார்.

வராது சாமி, என்றேன். அது ஒன்றுதான் குறை, அந்தக் குறை எனக்கும் தெரியும்.

"அப்படியானால் காலையில் இங்கே வாருங்கள், எல்லோரும்" என்றார். "நற்கருணை இங்கே வாங்கிக்கொள்ளுங்கள். மதியம் மண்டபத்தில் உங்கள் பூசையைக் காணுங்கள்." கடைசிச் சொல்லுக்குச் செலினைப் பார்த்து, சரியா என்பது போலத் தலையை அசைத்தார்.

மண்டபத்துச் சாவியை மதாம் பெரான் அப்போதே என் கையில் கொடுத்தார். வெளியே வந்ததும் செலினைக் கட்டிப்பிடித்து, நடுத்தெருவில் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தேன். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள்.

7

அந்த ஞாயிறு மதியம் மண்டபத்தில் பட்டுப்புடவை நெரிசல். பெட்டிக்குள் வருடக்கணக்காகக் கிடந்த புடவைகள் எல்லாம் வெளியே வந்திருந்தன. யாரோ மல்லிகைப்பூகூடக் கொண்டுவந்திருந்தார்கள். சாமியார் கடைசி வரிசையில் உட்கார்ந்தார், மதாம் பெரான் சுவரோரம் நின்றார். முன்வரிசையில் நான். பக்கத்தில் என் கணவர், கழுத்து இறுகும் டையோடு.

செலின் எதையோ தட்டினாள். சுவரில் எங்கள் கோயில் வந்தது.

நீலச் சுவர், வாழைமரம், சீரியல் விளக்கு. அப்பா முன்வரிசையில், ஒரேயடியாகச் சுருங்கிப்போய். பக்கத்தில் ரெஜினா சித்தி, புதுப் புடவையில். பிறகு சவரி வந்தான். வெள்ளை அங்கி, தாடியைச் சுத்தமாக மழித்திருந்தான். அம்மாவின் நெற்றி அவனுக்கு. கேமராவைத் தேடி ஒரு நொடி இந்தப் பக்கம் பார்த்தான். மண்டபம் முழுக்க ஒரே சத்தம். நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

பூசை நன்றாக நடந்தது. படம் அவ்வப்போது நின்று நின்று ஓடியது, உதடு ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமுமாக. அதைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை. அங்கே எழுந்தபோது எழுந்தோம், அங்கே முழங்காலிட்டபோது முழங்காலிட்டோம். இருபது வருடமாக வாயில் வராத பாட்டெல்லாம் வரிக்கு வரி வந்தது.

கடைசியில் சவரி மைக் முன்னால் வந்து நின்றான். "முதல் ஆசீர்வாதம்..." என்றான். கையை உயர்த்தினான்.

படம் அப்படியே நின்றது. பிறகு சுவர் கறுப்பாகிவிட்டது.

ஊரில் கரண்ட் போய்விட்டது. கோயிலுக்கு ஜெனரேட்டர் உண்டு, விளக்கும் மைக்கும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் எங்கள் ஒயர் எதிர் வீட்டிலிருந்து வந்ததல்லவா? அந்த வீட்டில் ஜெனரேட்டர் கிடையாது. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நிமிடம் எனக்குத் தெரிந்தது கறுப்புச் சுவர் மட்டும்தான். அப்பா சொன்னது காதில் கேட்டது. இதோ ரெஜினா சித்தி எழுந்திருப்பாள், முழங்காலிடுவாள், முடிந்துவிடும். மறுபடியும் நான் இல்லை.

"கார்த்!" என்று கத்தினாள் செலின். தொலைபேசி அட்டையைக் கேட்கிறாள். ஊருக்குப் பேச நாங்கள் எல்லோரும் கடையில் வாங்குவோமே, சுரண்டி எண்ணைப் பார்க்கிற அட்டை. மண்டபத்தில் இருந்த அத்தனை கைப்பையும் திறந்தது. ஐந்தாறு அட்டைகள் நீண்டன. செலின் ஒன்றைப் பிடுங்கி நகத்தால் சுரண்டினாள். எண்களை அவள் தட்ட, என் கணவர் உரக்கப் படித்தார். பதினாலு எண். நடுவில் தப்பாகிவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து.

மணி அடித்தது. அந்தோணி எடுத்தான்.

"அக்கா! இன்னாக்கா, இவ்ளோ நேரம்! சாமி நிறுத்தி வெச்சிருக்காரு. பெரியப்பா சித்திய அனுப்பச் சொல்றாரு, சாமி கேக்கவே மாட்டேங்கறாரு. லூர்தக்கா போன் வரும்னு அப்டியே நிக்கறாரு. எல்லாரும் உக்காந்துனு இருக்காங்க. இரு, போன மைக்குல வெக்கறேன்."

செலின் தன் போனை மண்டபத்து மைக்கில் வைத்தாள். கரகரவென்று ஒரு சத்தம், பிறகு கூட்டத்தின் மூச்சு. பிறகு சவரி.

"அக்கா?"

"இருக்கேன்டா."

"சாப்டியா?"

ஊரில் கோயில் முழுக்கச் சிரிப்பது எங்களுக்குக் கேட்டது. எங்கள் மண்டபம் சிரிப்பது அவர்களுக்குக் கேட்டிருக்கும். பிரெஞ்சுச் சாமியாருக்கு யாரோ மொழிபெயர்த்திருக்க வேண்டும், அவரும் சிரித்தார். பட்டம் வாங்கி, ஊரே காத்திருக்க, மைக்கில் நின்றுகொண்டு கேட்கிற கேள்வியா இது? நான் ஊட்டி வளர்த்த பிள்ளை, இத்தனை வருடம் நான் இல்லாமலே வளர்ந்த பிள்ளை.

முழங்காலிட்டேன். சிமெண்டுத் தரை. எனக்குப் பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக. செலின் போனை ஒரு கையால் மைக்கில் பிடித்தபடியே மண்டியிட்டாள், கை மட்டும் மேலே இருந்தது.

எப்படிக் கூப்பிடுவது என்று அந்தக் கணம் வரை நான் யோசித்திருக்கவில்லை. பிறந்ததிலிருந்து அவன் எனக்கு டா. வாயைத் திறந்தேன், வந்தது வேறு.

"நான் அப்புறம் சாப்புட்றேன். நீங்க ஆசீர்வாதம் குடுங்க சாமி."

அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. லைன் போய்விட்டதோ என்று பயந்தேன். போகவில்லை. சவரி அழுதுகொண்டிருந்தான். பிறகு அவன் குரல் வந்தது, முதல் சொல் உடைந்து, இரண்டாவது சொல்லில் நிமிர்ந்து, பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று முழுசாக வந்தது. என் தம்பி கொடுத்த முதல் ஆசீர்வாதம். நான் ஆமென் என்றேன். மண்டபம் ஆமென் என்றது. எங்கள் ஆமென் அங்கே போய்ச் சேர்வதற்கு முன்பே சாரத்துக் கோயிலின் ஆமென் இங்கே வந்துவிட்டது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, யாருடையது எது என்று பிரிக்க முடியாமல் கேட்டது.

அதற்குப் பிறகு அப்பா போனுக்கு வந்தார். அவருக்கு மைக்கில் பேசிப் பழக்கமில்லை, தேவைக்கு மேல் சத்தமாகக் கத்தினார். ஊரும் பாரிசும் கேட்கக் கத்தினார்.

"லூர்து வந்துட்டா! நம்ம லூர்து வந்துட்டா!"